நஞ்சை முறிக்கும் தாவர மருந்து

1958ஆம் ஆண்டு பம்பாய்த் துறைமுகத்திலிருந்து கொச்சிக்குச் சென்ற ஒரு கப்பலில் உணவுப் பொருள்களும் பாரத்தியான் என்னும் பூச்சிக்கொல்லியும் ஒருங்கே ஏற்றப்பட்டிருந்தன. கசிந்த நஞ்சு உணவில் கலந்தது. அதனை உண்ட கேரள மக்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இத்துயரத்தின் விளைவாகவே பூச்சிக்கொல்லிகளின் தயாரிப்பையும் விற்பனையையும் முறைப்படுத்தும் சட்டம் 1968இல் இயற்றப்பட்டது.

பாரத்தியான் ஆர்கனோபாஸ்பேட் வகையைச் சேர்ந்தது. நரம்புகள் தசைகளுக்கும் சுரப்பிகளுக்கும் செய்தி அனுப்ப அசெட்டைல்கோலின் என்னும் பொருளைச் சுரக்கின்றன. பணி முடிந்ததும் ஒரு நொதி அதனைச் சிதைத்துவிடும். இந்நஞ்சு அந்நொதியை முடக்குகிறது. அதனால் அசெட்டைல்கோலின் தேங்கி, கண்மணி சுருங்குகிறது. வியர்வையும் உமிழ்நீரும் பெருகுகின்றன. நுரையீரலில் நீர் சேர்ந்து மூச்சுத் திணறுகிறது.

இதற்கு மருத்துவர்கள் முதலில் கையாளும் மாற்று மருந்து அட்ரோப்பின் ஆகும். பெல்லடோனாச் செடியிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் பிரித்தெடுக்கப்பட்ட இம்மருந்து, சுரப்பிகளிலும் மூச்சுக்குழாய்களிலும் அசெட்டைல்கோலினின் செயலைத் தடுக்கிறது. ஆனால், முடங்கிய நொதியை அது மீட்பதில்லை; தசைத் தளர்ச்சியையும் நீக்குவதில்லை. ஆகவே செயற்கைச் சுவாசமும் தேவைப்படலாம்.

நம் ஊமத்தையிலும் அட்ரோப்பின் உண்டு. அதன் சாறே போதாதா எனச் சிலர் கேட்கக்கூடும். அது பேராபத்தாகும். செடிக்குச் செடி அதன் வீரியம் வேறுபடும். மருத்துவமனையிலோ சில மில்லிகிராமில் தொடங்கி, நுரையீரல் தெளியும்வரை அளவு படிப்படியாகக் கூட்டப்படுகிறது. அளவு மிஞ்சினால் பிதற்றலும் காய்ச்சலும் உண்டாகும். வேறு சில மூலிகைச் சாறுகள் ஆய்வக விலங்குகளில் நற்பயன் காட்டியுள்ளன. எனினும் அவை இந்நஞ்சுக்கு மாற்று மருந்தாக இன்னும் நிலைபெறவில்லை.

அட்ரோப்பின் எல்லா நஞ்சுக்கும் மருந்தன்று. அலுமினியம் பாஸ்பைடு நஞ்சை அது முறிக்காது. எனவே, நோயாளியுடன் நஞ்சுப் புட்டியையும் அதன் சீட்டையும் மருத்துவமனைக்குக் கொண்டு செல்வது இன்றியமையாதது.

2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்தி வயல்களில் மருந்து தெளித்தவர்களுள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். தெளிக்கும் பருவத்திற்கு முன்பே கிராமப்புற மருத்துவமனைகளில் அட்ரோப்பினும் பிராணவாயுவும் போதிய அளவு இருப்பதை அதிகாரிகள் உறுதி செய்தல் வேண்டும்.

நகரத்தாருக்கும் இதில் பங்குண்டு. தாராவி போன்ற நெருக்கமான குடியிருப்புகளில் ஓர் அறையே சமையலறையாகவும் படுக்கையறையாகவும் இருப்பது வழக்கம். அங்கும் பூச்சி மருந்தை உணவுப் பொருள்களுக்கு அருகில் வைக்கலாகாது. குழந்தைகளின் கைக்கு எட்டாமல் பூட்டி வைத்தல் வேண்டும். அன்று அக்கப்பல் புகட்டிய பாடம் இன்று வீட்டு அலமாரிக்கும் பொருந்தும்.