இருபத்தொன்றும் இருபதும்

2020ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 30ஆம் தேதி, யாழ்ப்பாணம் மாநகர சபையில் புதிய முதல்வரைத் தெரிவு செய்யும் பொருட்டுக் கூடிய உறுப்பினர்களின் வாக்குகளை எண்ணி முடித்தபோது, ஒருவர் பக்கம் 21 வாக்குகளும் மற்றவர் பக்கம் 20 வாக்குகளும் இருக்கக் காணப்பட்டன. வென்றவர் வி. மணிவண்ணன், தோற்றவர், 2018ஆம் ஆண்டு மார்ச் முதல் அந்த ஆசனத்தில் வீற்றிருந்த இம்மானுவேல் ஆனோல்ட். சபையின் உறுப்பினர் தொகையோ 45. பாதிக்கு மேல் என்றால் 23 அல்லவா, 21 எங்ஙனம் போதுமாயிற்று என்று கணக்கறிந்த எவரும் கேட்பர். அளிக்கப்பட்ட வாக்குகளையே சட்டம் எண்ணுகிறது. ஆகவே எஞ்சிய நால்வரின் வாக்கு எவருக்கும் விழாதபோது, 41 பேருக்குள் 21 பேரைப் பெற்றவர் முதல்வராகிவிடுகிறார். சபை விவகாரங்களில் மௌனத்துக்கும் ஒரு கனம் உண்டென்பதும், சில வேளைகளில் பேசியவர்களின் வாக்கைவிடப் பேசாதிருந்தவர்களின் மௌனமே காரியத்தை முடித்துவைக்கிறதென்பதும் இதனால் விளங்கும்.

இத்தகைய இழுபறி ஏன் நேர்ந்ததென்று அறிய விரும்புவோர் 2018ஆம் ஆண்டுத் தேர்தலை நோக்குதல் வேண்டும். வட்டாரங்களிலிருந்து நேரே வருவோர் அறுபது சதவீதம், கட்சிகள் பெற்ற வாக்கு விகிதாசாரப்படி வருவோர் நாற்பது சதவீதம் என்ற கலப்பு முறையில் அத்தேர்தல் நடைபெற்றது. யாழ்ப்பாணத்தில் தமிழரசுக் கட்சிக்கு 16, தமிழ்க் காங்கிரஸுக்கு 13, ஈழ மக்கள் ஜனநாயகக் கட்சிக்கு 10, ஐக்கிய தேசியக் கட்சிக்கு 3, ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சிக்கு 2, தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு 1 என ஆசனங்கள் பங்காயின. எந்தக் கட்சியும் தனித்து நின்று ஒரு தீர்மானத்தைக்கூட நிறைவேற்ற இயலாத அமைப்பு இது. தமிழரசுக் கட்சியின் ஆனோல்ட், பிறர் தயவில் முதல்வரானார். தமிழ்க் காங்கிரஸின் பேரால் வந்து அதன் தலைமையோடு பிணங்கிக்கொண்ட மணிவண்ணனும், ஈழ மக்கள் ஜனநாயகக் கட்சியின் ஆதரவைப் பெற்றே பின்னர் அவ்விடத்தை அடைந்தார்.

ஒரு முதல்வரை இடைநடுவில் இறக்குவதற்கு இலங்கைச் சட்டம் வகுத்துள்ள வழி விசித்திரமானது. ஆண்டுதோறும் அடுத்த ஆண்டுக்குரிய வரவு செலவுத் திட்டத்தை, அதாவது அங்குள்ளோர் பாதீடு என்று வழங்குவதை, முதல்வர் சபையின் முன் வைக்கிறார். சபை அதை நிராகரித்தால் மறுபடியும் ஒருமுறை வைக்கலாம். இரண்டாம் முறையும் தோற்றால், அவர் தாமே பதவி துறந்தவராகக் கருதப்படுவார் என்பது 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின் ஏற்பாடு. ஆனோல்டின் பாதீடு 2020 டிசம்பரில் இவ்விதமே இருமுறை வீழ்ந்தது. அதன் விளைவே மாதக் கடைசியில் நடந்த அந்தத் தெரிவு.

இந்த ஏற்பாட்டில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பாதீடு என்பது என்ன? சோலை வரியாகவும் கடை வாடகையாகவும் குடிகளிடமிருந்து திரண்ட பணத்தை, குப்பை அகற்றவும், வடிகால் வெட்டவும், தெருவிளக்கு எரியவும், நூலகத்தைப் பேணவும், நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வீதிகளை ஒழுங்கு செய்யவும் எவ்வாறு பகிர்வது என்ற கணக்கேயாகும். ஆனால் அக்கணக்கின் தலையில் முதல்வரின் பதவியையும் சட்டம் ஏற்றி வைத்துவிட்டபடியால், கையை உயர்த்தும் உறுப்பினர் ஒரே வாக்கால் இரண்டு வினாக்களுக்கு விடை சொல்ல நேர்கிறது. இந்த வடிகால் வேண்டுமா என்பது ஒன்று. இந்த மனிதர் வேண்டுமா என்பது மற்றொன்று. மனிதர் வேண்டாம் என்பவர், தாம் மனதார விரும்பும் வடிகாலுக்கும் எதிராக வாக்களித்தே தீர வேண்டும். புரெவிப் புயலின் மழையால் வடபுலத்துத் தாழ்நிலங்களெல்லாம் வெள்ளக்காடாகக் கிடந்த அதே டிசம்பர் மாதத்தில்தான் அந்தப் பாதீடு இருமுறை தோற்றதென்பதை நினைக்கும்போது, இரு வினாக்களையும் ஒரே முடிச்சாகப் போட்டவர்களின் விவேகத்தைப் பற்றிச் சற்றே ஐயுறத் தோன்றுகிறது.

அந்த முடிச்சு வென்றவரையும் விட்டுவைக்கவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2022 டிசம்பரில் மணிவண்ணன் சமர்ப்பித்த பாதீடும் தோற்கடிக்கப்பட்டது. அவர் இரண்டாம் முறை முயலாமல் பதவி விலகினார். அடுத்த ஜனவரியில் ஆனோல்ட் மீண்டும் முதல்வரானார். ஏற்றக்கோலின் ஒரு முனை தாழ மறுமுனை உயர்வதுபோல நடந்தேறிய இந்நிகழ்ச்சியைக் கண்டு, ஊர்க்காரியத்தை விட்டு நாற்காலிக்குச் சண்டையிடுகிறார்கள் என்று பொதுமக்கள் சலித்துக்கொண்டால் அதில் நியாயம் இல்லாமற் போகவில்லை.

ஆயினும் அந்த நாற்காலியின் பூர்வ சரித்திரத்தை அறிந்தவர்கள் அத்தனை எளிதில் சலித்துக்கொள்ளமாட்டார்கள். 1949இல் மாநகர சபையாக உயர்ந்த யாழ்ப்பாணத்தில், முதல்வராயிருக்கும்போதே கொல்லப்பட்டவர்கள் மூவர். அல்பிரட் துரையப்பா 1975 ஜூலையில் சுடப்பட்டார். போர்க் காலத்தில் நெடுநாள் தேர்தலின்றிக் கிடந்த சபைக்கு 1998 ஜனவரியில் தேர்தல் நடந்து, முதல்வராக வந்த சரோஜினி யோகேஸ்வரன் அந்த மே மாதமே கொலையுண்டார். அவருக்குப் பின் வந்த பொன்னுத்துரை சிவபாலன் செப்டம்பரில் குண்டுவெடிப்பில் மாண்டார். கருத்து வேற்றுமை வாக்குச் சீட்டில் தீராமல் வேறு வழியில் தீர்க்கப்பட்டபோது அந்நகரம் கொடுத்த விலை அது. அவ்விலையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரே ஒரு வாக்கால் தோற்ற முதல்வர் எழுந்து வெளியேறி, இரண்டு ஆண்டு உறுப்பினர் வரிசையிலிருந்து விவாதித்து, பின்னர் அதே ஆசனத்துக்குத் திரும்பி வந்தார் என்ற செய்தி, முன்போல் அற்பமாகத் தோன்றுவதில்லை.

இதை வேறொரு பக்கத்திலிருந்தும் நோக்கலாம். 2023 மார்ச்சில் நாட்டின் உள்ளூராட்சி சபைகளின் காலம் முடிவுற்றது. அம்மாதம் நடக்கவிருந்த தேர்தல், பணம் இல்லையென்ற காரணம் கூறப்பட்டு நடைபெறாது போயிற்று. மக்கள் மறுபடியும் வாக்களித்தது 2025 மே 6ஆம் தேதிதான். இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக, தெரிவு செய்யப்பட்டோர் இன்றி உத்தியோகத்தர்களே சபைகளின் காரியங்களைக் கவனித்தார்கள். அக்காலத்தில் பாதீடு தோற்கவில்லை; கூச்சலும் இல்லை, வெளிநடப்பும் இல்லை. தம் தெருவில் விளக்கு ஏன் எரியவில்லை என்று சபையில் எழுந்து கேட்பதற்கு வட்டாரத்து உறுப்பினர் ஒருவரும் இல்லை.

பாதீட்டையும் பதவியையும் பிணைத்த முடிச்சை அவிழ்த்து, முதல்வர்மீது நம்பிக்கையில்லையென்றால் அதைத் தனித் தீர்மானமாகவே கொண்டுவரச் செய்யலாம். அப்பொழுது வடிகாலுக்கு வடிகாலென்றே வாக்கு விழும். அந்தத் திருத்தம் வரும்வரையிலும் வந்த பின்னரும், சபை மண்டபத்தில் வாக்குகள் பிளவுபட்டே இருக்கட்டும். மறுநாட் காலைப் பத்திரிகையில் 21 என்றும் 20 என்றும் இரண்டு எண்களைக் காணும் யாழ்ப்பாணத்து வாசகர், தம் வட்டாரத்து உறுப்பினர் அவ்விரண்டில் எதனுள் இருந்தார் என்று தேடிப் பார்த்து, அவர் வீட்டுப் படலையைத் தட்டிக் காரணம் கேட்கலாம். கேட்கப்படுபவரும் அங்கே உயிரோடு இருப்பார்.