பார்த்தால் மறையும் பிழை

கணினி நிரலில் நேரும் பெரும்பாலான பிழைகளுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. அதே உள்ளீட்டைக் கொடுத்தால் அதே தவறு மீண்டும் நேரும். நிரலர் அதைப் பின்தொடர்ந்து கண்டுபிடித்துவிடுவார். இயக்க அமைப்பின் உட்கருவாகிய கெர்னலில் தோன்றும் நினைவக ஒழுங்குப் பிழைகள் அத்தகையன அல்ல. பல நாள்கள் செவ்வனே இயங்கிய கணினி திடீரென முடங்கும். மீண்டும் இயக்கினால் எக்குறையும் தெரியாது.

இரு செயலிகள் ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொள்வதாகக் கொள்வோம். முதல் செயலி ஒரு தகவலை எழுதிவிட்டு, 'தகவல் ஆயத்தம்' என்பதற்கான அடையாளத்தை 1 என மாற்றுகிறது. இரண்டாம் செயலி, அடையாளம் 1 ஆனதைக் கண்ட பின்னரே தகவலை வாசிக்கிறது. படிப்பவர்க்கு இதில் குறையேதும் தோன்றாது. ஆயினும், இரண்டாம் செயலி பழைய தகவலையே பெறக்கூடும். மடல் வருமுன்பே மடல் வந்ததற்கான மணி ஒலித்துவிடுவது போன்றது இது. அப்பழைய தகவல் ஒரு கோப்பின் இருப்பிடத்தைக் குறிப்பதாயின், ஒருவரது ஆவணத்தின்மேல் மற்றொன்று எழுதப்பட்டு அழியும்.

காரணம் விரைவு. செயலிகள் தாம் எழுதுவனவற்றை உடனே நினைவகத்திற்கு அனுப்பாமல் இடைத்தாங்கியில் தேக்கிவைக்கின்றன; வாய்ப்பு நேர்ந்தால் வரிசையையும் மாற்றுகின்றன. நிரல்பெயர்ப்பியும் தன் பங்குக்கு மாற்றும். எக்ஸ்86 வகைச் செயலி எழுதிய வரிசையிலேயே பொதுவாகப் பிறவற்றுக்குக் காட்டும். ஆர்ம் வகை அவ்வுறுதியைத் தருவதில்லை. முன்னதில் ஆண்டுக்கணக்கில் ஓடிய நிரல் பின்னதில் இடறுவது இதனாலேயே.

பிழையைத் தேடும் நிரலர் முதலில் செய்வது, இடையிடையே அச்சிடும் கட்டளைகளைச் சேர்ப்பது. அச்சிடும் நேரத்தில் இடைத்தாங்கி காலியாகிவிடும், பிழையும் மறைந்துவிடும். சரியாகிவிட்டதென்று அக்கட்டளையை அப்படியே விட்டுவைப்பாரும் உளர். அது திருத்தம் அன்று.

எனவே, லினக்ஸ் வல்லுநர் வேறு வழிகளை நாடினர். 2018இல் வெளியான 4.17ஆம் பதிப்பில், எவ்வரிசை மாற்றங்கள் நிகழலாம் என வரையறுக்கும் நினைவக மாதிரி சேர்க்கப்பட்டது. ஐயத்திற்குரிய பகுதியைச் சில வரிகளாகச் சுருக்கிக் கொடுத்தால், நிகழக்கூடிய விளைவுகள் அனைத்தையும் ஒரு மென்பொருள் கணக்கிட்டுக் காட்டும். வேதியியல் ஆய்வகத்தை நினைவூட்டும் வகையில் இதனை லிட்மஸ் சோதனை என்பர். 2020இல் வந்த 5.8ஆம் பதிப்பின் கேசிசான் என்னும் கருவியோ, நினைவகத்தின் ஓரிடத்தை அணுகும் செயலியைச் சற்றே நிறுத்திவைத்து, அவ்வேளையில் வேறொன்று அவ்விடத்தை மாற்றுகிறதா என நோக்கும்.

காரணம் தெரிந்தபின் திருத்தம் இரண்டு வரிகளே. தகவலுக்கும் அடையாளத்துக்கும் இடையே, எழுதும் பக்கத்தில் ஒரு தடுப்பு. வாசிக்கும் பக்கத்தில் ஒரு தடுப்பு. ஒன்றை மட்டும் இட்டால் பிழை நீங்காது. முன்னினும் அரிதாகத் தோன்றக்கூடுமாதலால் தேடல் மேலும் நீளும்.