மலிவு எஃகு மட்டமான எஃகு அல்ல

பெங்களூரு சிக்பேட்டையிலும் கே.ஆர். மார்க்கெட்டைச் சுற்றியுள்ள பாத்திரக் கடைகளிலும் குறைந்த விலைக்குக் கிடைக்கும் எவர்சில்வர் கத்தியைப் பலர் மட்டமாகவே பார்க்கிறார்கள். கத்தியை விலையால் அல்ல, செய்யும் வேலையால் அளக்க வேண்டும். கோசம்பரிக்கு வெள்ளரி, சித்ரான்னத்துக்கு எலுமிச்சை, ஊறுகாய்க்கு மாங்காய் என்று இந்த ஊர் அடுப்படியில் கத்தி எந்நேரமும் புளிப்பிலும் ஈரத்திலும் புழங்குகிறது. மைசூர் வட்டாரத்தில் எஃகு உருக்கிய முறையை 1800ஆம் ஆண்டுப் பயணத்தில் பிரான்சிஸ் புக்கானன் பதிவு செய்திருக்கிறார். வாளுக்குப் பேர்போன அந்தக் கார்பன் மிகுந்த எஃகுகூட எலுமிச்சைச் சாறு பட்டால் கறுக்கும், ஈரத்தோடு விட்டால் துருவேறும். 1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி சுமார் 13 சதவீதம் குரோமியம் சேர்த்து வார்த்த எஃகு இதற்கு விடை தந்தது. குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத படலமாகிறது. கீறல் விழுந்தாலும் அது தானே மீண்டும் படியும்.

மலிவுக் கத்திகளில் பரவலாகப் பயன்படும் 420 ரக எஃகிலும் 12 முதல் 14 சதவீதம் குரோமியம் உண்டு. தகட்டை அச்சில் வெட்டி, சுமார் 1,000 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, சட்டென்று குளிர்வித்துப் பதமேற்றி, இயந்திரத்தில் தீட்டுவதால் விலை குறைகிறது. 'சீக்கிரம் மழுங்கிவிடுமே' என்பது நியாயமான ஆட்சேபணை. ராக்வெல் அளவில் இதன் கடினம் பெரும்பாலும் 52 முதல் 55 வரை. விலையுயர்ந்த ஜப்பானியக் கத்திகளில் பல 60ஐத் தாண்டும். ஆனால் கடினம் ஏற ஏற நொறுங்கும் குணமும் ஏறும். தேங்காய் ஓட்டிலோ எலும்பிலோ பட்டால் கடின எஃகின் வாய் சில்லாகத் தெறிக்கும். மென்மையான எஃகு மடங்கும், அவ்வளவுதான். பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, அடியில் மெருகில்லாத வளையத்தில் நாலு தடவை இழுத்தாலே கூர் திரும்பும். உலகெங்கும் இறைச்சிக் கடைகள் நம்பும் விக்டோரினாக்ஸ் கத்திகளின் கடினமும் 56ஐ ஒட்டியதுதான்.

மலிவானதெல்லாம் நல்லதல்ல என்பதும் உண்மை. பாத்திரம் செய்யும் குரோமியம்-நிக்கல் தகட்டில் வெட்டிய கத்தி, எவ்வளவு சூடேற்றினாலும் கடினப்படாது. அதில் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது, கடையிலேயே சோதிக்கலாம். ஒட்டினால் மட்டும் போதாது, வாய்ப்பக்கம் அலகு மெலிந்திருக்க வேண்டும். தடித்த கத்தி எத்தனை உயர்ந்த எஃகானாலும் கேரட்டில் சிக்கிக்கொள்ளும். வீட்டுச் சமையலுக்கு மலிவான நல்ல கத்தி ஒன்றும் ஒரு சாணைக்கல்லும் வாங்குங்கள். வாரம் ஒருமுறை தீட்டுங்கள். தீட்டாத விலையுயர்ந்த கத்தியைவிட அது நன்றாக வெட்டும்.