கீழே ஒப்பமிடுவோர்

காப்புறுதி நிறுவனங்களில் ‘அண்டர்ரைட்டர்’ எனப்படும் அலுவலர் உளர். அச்சொல்லை நேரே பெயர்த்தால் ‘கீழே எழுதுபவர்’ என்றாகும். எதன் கீழே எழுதினர், எதற்காக எழுதினர் என்பதை அறிந்தால் அப்பணியின் இயல்பு இனிது விளங்கும்.

பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் எட்வர்ட் லாயிட் என்பார் லண்டன் மாநகரில் காப்பிக் கடை ஒன்று நடத்தி வந்தார். 1691-ஆம் ஆண்டில் அது லம்பார்டு தெருவிற்கு மாறிற்று. கப்பற் சொந்தக்காரரும் மாலுமிகளும் வணிகரும் அங்குக் கூடினர். கப்பலின் பெயரும் பயணமும் குறித்த தாளைத் தரகர் கொண்டுவருவார். இடரில் தாம் ஏற்கும் பங்கைச் செல்வர் அத்தாளின் கீழே எழுதி ஒப்பமிடுவர். கப்பல் கரை சேர்ந்தால் கட்டணம் அவர்க்கு ஊதியம். மூழ்கினால் தம் பங்கிற்குரிய இழப்பை அவரே ஈடுசெய்தல் வேண்டும்.

இன்று நிறுவனங்களில் இழப்பைத் தாங்குவது அலுவலர் அல்லர். பலரும் செலுத்திய கட்டணத்தால் திரண்ட பொதுநிதியே. எனினும் வேலை மாறவில்லை. விண்ணப்பத்தை ஏற்பதா மறுப்பதா, ஏற்பின் எக்கட்டணத்திற்கு, எந்நிபந்தனையோடு என்று துணிதலே அது. கல்வீட்டிற்கும் பலகை வீட்டிற்கும் ஒரே தீக்காப்புக் கட்டணம் விதித்தால் கல்வீட்டார் விலகுவர், பலகை வீட்டாரே எஞ்சுவர், நிதி வற்றும். அஞ்சி அஞ்சி மறுத்தாலோ, காப்பு மிக வேண்டுவோரே வெளியில் நிற்பர்.

இத்துணிவு விண்ணப்பதாரர் கூறும் செய்திகளைச் சார்ந்தது. அவர் ஒன்றைக் கூறாது விட்டால் என் செய்வது? இதற்கு விடை கண்ட பெருவழக்கு நம் அண்டை நிலமாகிய சுமத்திராவில் தோன்றியது. பெங்கூலனில் உள்ள மார்ல்பரோ கோட்டையின் ஆளுநர் ஜார்ஜ் கார்ட்டர், அக்கோட்டை ஐரோப்பியப் பகைவர் கைப்பட்டால் ஈடு கிடைக்குமாறு லண்டனில் காப்புறுதி செய்வித்தார். 1760-இல் பிரெஞ்சுக்காரர் அதனைக் கைப்பற்றினர். கோட்டை வலுவற்றது என்பதை ஆளுநர் மறைத்துவிட்டார் எனக் கூறி, ஒப்பமிட்ட சார்லஸ் போம் பணம் தர மறுத்தார்.

1766-இல் மான்ஸ்ஃபீல்டு பிரபு அளித்த தீர்ப்பு இருபாலார்க்கும் அறம் உரைத்தது. தான் மட்டும் அறிந்த செய்தியைக் காப்புறுதி செய்வோன் மறைத்தல் ஆகாது. ஆனால், ஒப்பமிடுவோன் அறிந்ததையும் அறிந்திருக்க வேண்டியதையும் எடுத்துரைக்கும் கடமை அவனுக்கு இல்லை. போரின் போக்கை லண்டனில் இருந்தோர் நன்கு அறியக் கூடும். வினவாது கட்டணம் பெற்றுக்கொண்டு, இழப்பு வந்தபின் ‘மறைத்தார்’ என்று சாதித்தல் நேர்மையன்று. கார்ட்டரே வென்றார்.

நாளடைவில் இத்தீர்ப்பின் முற்பகுதியே வலுப்பெற்றது. யாரும் கேளாத ஒரு நோயைக் குறிப்பிடாமையாலேயே ஒப்பந்தம் முழுதும் செல்லாது போகக்கூடிய நிலை உண்டாயிற்று. இக்குறையைக் களைய இங்கிலாந்து 2012-இலும், மலேசியா 2013-இலும் சட்டம் இயற்றின. தம் தேவைக்காகக் காப்புறுதி செய்யும் தனிமனிதர், நிறுவனம் கேட்கும் வினாக்களுக்குத் தக்க கவனத்தோடு உண்மை கூறுதல் வேண்டும். இன்னது தேவை எனத் தெளிவாகக் கேட்பது நிறுவனத்தின் பொறுப்பு.

ஆகவே, கணக்கறிவோடு வினவும் அறிவும் ஒப்பமிடுவோர்க்கு இன்றியமையாதது. வினவ வேண்டிய காலம் ஒப்பமிடுமுன். இழந்தவர் வாயிலில் வந்து நிற்கும்போது அன்று.