குலுக்கலில் கிடைக்கும் இடமும் உரிமைதான்

மழலையர் வகுப்பில் சேர வரும் குழந்தைக்கு நேர்முகத் தேர்வு வைக்கும் பள்ளி, உண்மையில் பெற்றோரைத்தான் எடைபோடுகிறது. அப்பாவுக்கு என்ன வேலை, அம்மா எதுவரை படித்தவர், வீட்டில் ஆங்கிலம் புழங்குமா என்பதே அங்கு தெரியவேண்டியது. மூன்று வயதில் நிறங்களின் பெயரைச் சொல்வது வீட்டின் வசதியைக் காட்டுமே தவிர, குழந்தையின் அறிவைக் காட்டாது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம் இதை உணர்ந்து எழுதப்பட்டது. அதன் 13ஆம் பிரிவு நன்கொடையையும் வடிகட்டலையும் தடை செய்கிறது. வாங்கிய நன்கொடையைப்போல் 10 மடங்கு வரை அபராதம் விதிக்கலாம். வடிகட்டலுக்கு முதல் முறை 25,000 ரூபாய் வரை, அடுத்தடுத்த முறைகளில் 50,000 ரூபாய் வரை. சிறுபான்மையினர் நடத்தாத சுயநிதிப் பள்ளிகள் தொடக்கநிலை வகுப்பில் குறைந்தது 25 சதவீத இடங்களை நலிந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினருக்குத் தரவேண்டும் என்கிறது 12ஆம் பிரிவு. விண்ணப்பங்கள் மிகுந்தால் குலுக்கல். பணம், சிபாரிசு, சாதி, பேச்சுத்திறன் எதுவும் செல்லாத ஒரே முறை அதுதான்.

குலுக்கலில் திறமைக்கு மதிப்பில்லை என்பார்கள். எழுதப் படிக்கத் தொடங்காத குழந்தைகளிடையே திறமையை அளக்கக் கருவியே இல்லை. அரசுப் பள்ளிகளை மேம்படுத்தாமல் இந்த இடங்களுக்காகத் தனியாருக்கு ஏன் அரசுப் பணம் என்ற கேள்வி இதைவிட வலுவானது. அரசுப் பள்ளிகளை மேம்படுத்தியே ஆகவேண்டும். ஆனால் அதைக் காரணம் காட்டித் தனியார் பள்ளிகளை ஏழைகளுக்கு மூடிவிட முடியாது. அருகில் அரசுப் பள்ளி இருந்தால் தனியார் பள்ளிக்கு இந்த ஒதுக்கீட்டிலிருந்து விலக்கு என்று மகாராஷ்டிரம் 2024இல் கொண்டுவந்த விதியை மும்பை உயர் நீதிமன்றம் அதே ஆண்டு ஜூலையில் ரத்து செய்தது. அரசு தரவேண்டிய தொகை தாமதமாகிறது என்ற பள்ளிகளின் புகாரில் நியாயம் உண்டு. அதற்கான விலையைக் குழந்தை கொடுப்பதில் நியாயம் இல்லை. தமிழ்நாட்டில் இந்த இடங்களுக்கான 2025-26 சேர்க்கை, மத்திய நிதி நிறுத்தப்பட்டதால் அக்டோபரில்தான் தொடங்கியது. அதுவும் ஏற்கெனவே சேர்ந்து படித்துக்கொண்டிருந்த குழந்தைகளிலிருந்தே. ஜூனில் கட்டணம் கட்ட வழியில்லாத குடும்பம் போட்டியிலேயே இல்லாமல் போனது. ஏழைக்கென்று எழுதப்பட்ட இடம், முன்பணம் கட்ட முடிந்தவருக்குப் போவது சட்டத்தின் நோக்கத்துக்கு நேர் எதிரானது.

பெற்றோர் செய்யவேண்டியது கடினமல்ல. தமிழ்நாட்டில் நலிந்த பிரிவுக்கு ஆண்டு வருமான வரம்பு 2 லட்சம் ரூபாய். வீடு பள்ளியிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் இருந்தால் முன்னுரிமை. பிறப்பு, வருமான, சாதி, இருப்பிடச் சான்றுகளை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். இடம் மறுத்தாலும் பணம் கேட்டாலும் வாய்மொழியாக வாதாடாமல் எழுத்தில் காரணம் கேளுங்கள். எந்தப் பெயரில் பணம் கட்டினாலும் ரசீது வாங்குங்கள். அதோடு கல்வி அலுவலரிடம் மனு கொடுத்து ஒப்புகை பெறுங்கள். 32ஆம் பிரிவின்படி உள்ளாட்சி அமைப்பிடம் தரும் புகாருக்கு மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்லவேண்டும். அதில் நியாயம் கிடைக்காவிட்டால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். ஒன்றை மட்டும் இப்போதே கணக்கில் வையுங்கள்: இந்த இலவசக் கல்வி 8ஆம் வகுப்போடு முடிகிறது. ஒன்பதாம் வகுப்புக் கட்டணம் என்ன என்பதைச் சேர்க்கும்போதே கேட்டுவிடுங்கள்.