மலைநாட்டுத் தோட்ட வண்டியும் இறப்பர் முட்டும்

அட்டனிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் பெருந்தெரு தார் பூசப்பெற்றது. அதினின்று பிரிந்து தேயிலை மலைகளுக்குள் நுழையும் தோட்டப் பாதைகளின் இயல்போ வேறு. மழைநீர் கழிதற்கெனக் குறுக்கே வெட்டிய கான்களும், கற்கள் பெயர்ந்த வளைவுகளும் அங்கே வண்டியை அடிக்கொருமுறை தூக்கியெறிகின்றன. மடுவத்திலிருந்து தொழிற்சாலைக்குக் கொழுந்தேற்றும் வண்டியே, நோயாளர் வண்டி வந்தெட்டாத வேளைகளில், லயத்திலிருந்து பிள்ளைத்தாய்ச்சியை வைத்தியசாலைக்குச் சுமந்து செல்வதும் உண்டு. ஆதலின் அவ்வண்டியின் அடியில் உறையும் கைப்பிடியளவான இறப்பர்த் துண்டொன்றைப் பற்றி ஆராய்தல் வீண்வேலையாகாது.

கராச்சுகளிற் 'பம்ப் ஸ்டொப்' என வழங்கும் இதனை முட்டு எனலாம். 1948 ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் வெளிவந்த லாண்ட்ரோவரும், அதற்கு முன்னோடியான வில்லிஸ் ஜீப்பும் தகட்டுவில் பூண்டவை. சில்லு மேட்டில் ஏறும்போது வில் நிமிர்ந்து, அச்சு வண்டியின் சட்டத்தை நோக்கி எழும். எழுச்சி எல்லை கடப்பின் இரும்பும் இரும்பும் மோதும். வில் எதிர்ப்புறம் வளையும். அதிர்வுவாங்கி தன் அடித்தளத்தில் முட்டி உடையும். இவற்றைத் தடுக்கவே சட்டத்தின் கீழ், அச்சுக்கு நேராக, முட்டு பொருத்தப்படுகிறது.

முட்டின் பயனை ஒரு சிறு கணக்கால் அறியலாம். ஒரு சில்லின் மேல் அமையும் வண்டிப்பாரம் 400 கிலோகிராம் எனவும், மோதும் கணத்தில் அது செக்கனுக்கு 1 மீற்றர் வேகத்தில் இறங்குகிறது எனவும் கொள்க. இரும்போடு இரும்பு மோதி 2 மில்லிமீற்றர் தூரத்தில் அது நிற்பின், சராசரி அமர்முடுகல் ஈர்ப்பு ஆர்முடுகலின் ஏறத்தாழ 25 மடங்காகும். அதனை நிறுத்தும் விசை 1,00,000 நியூற்றன். இறப்பர் 25 மில்லிமீற்றர் அமிழ்ந்து நிறுத்துமாயின் விசை 8,000 நியூற்றனாகக் குறையும். வேறுபாடு முழுவதும் தூரத்தினால் விளைவது. வன்மையான முட்டே நல்ல முட்டு என்று பலர் எண்ணுவதன் பிழை இங்கே வெளிப்படும்.

1970 முதல் 1977 வரை இலங்கையில் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்ட காலத்தில் உதிரிப்பாகங்கள் அரிதாயின. 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோதும் பழைய வண்டிகளைப் பேணும் தேவை மிகுந்தது. ஆயினும் முட்டுக்கு வேண்டிய பொருள் இந்நாட்டிலேயே விளைவது. பிரேசிலிற் சேகரித்த வித்துகள் கியூ பூங்காவில் முளைத்து, 1876 இல் நாற்றுகளாக இங்கு வந்து, கம்பஹாவை அடுத்த ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. அதன் பாலைக் கந்தகத்தோடு சூடாக்கி உறுதிப்படுத்தும் முறையைச் சார்ள்சு குட்டியர் 1839 இலேயே கண்டிருந்தார்.

இறப்பரின் தனிக்குணம் ஒன்றை உணராதவர் செய்யும் முட்டு பயன்படாது. அமுக்கும்போது அதன் கனவளவு பெரும்பாலும் மாறுவதில்லை. உயரம் குறைந்த அளவுக்குப் பக்கங்களிற் பிதுங்கும். பிதுங்க இடமின்றி இரும்புக் கிண்ணத்துள் இறுக்கி அடைத்தால் அதுவும் இரும்பைப் போன்றே நடந்துகொள்ளும். எனவே பக்கங்கள் திறந்திருத்தல் வேண்டும். அச்சைத் தொடும் நுனி ஒடுங்கியும் அடி அகன்றும் இருப்பின், முதலில் மெல்லெனத் தாங்கிப் பின் படிப்படியாக இறுகும்.

பழைய லொறி டயரின் தடித்த மேற்பகுதியை வெட்டி அடுக்குவோர், அதனுள் ஓடும் இழைப்படையையும் கம்பிகளையும் நீக்குதல் வேண்டும். பாரந்தூக்கிகளிற் பூட்டும் திண்ம டயரின் வெளிப்படை இதற்கு இன்னும் ஏற்றது. அடுக்குகளுக்கிடையே இரும்புத் தகடுகளை வைத்தால் பிதுக்கம் தடைப்பட்டு முட்டு வன்மையுறும். ஒன்றிரண்டுக்கு மேல் வேண்டியதில்லை. ஆணியின் தலை இறப்பருக்குள் ஆழப் புதைந்திருத்தல் இன்றியமையாதது. முட்டு அமிழும்போது ஆணித்தலை வெளிப்படின், இறப்பர் இருந்தும் மோதுவது இரும்பே.

உயரத்தைக் கணிக்க எளிய வழியுண்டு. முட்டு இல்லாத நிலையில் அச்சின் மேல் ஈரக் களிமண் உருண்டையை வைத்து, கொழுந்துச் சுமையுடன் வண்டியை மெல்லப் பாதையிற் செலுத்தினால், நசுங்கிய மண்ணின் தடிப்பு எஞ்சிய இடைவெளியைக் காட்டும். அதிர்வுவாங்கி அடிமுட்டுமுன், தடுப்புக் குழாய் நசுங்குமுன், டயர் சேற்றுக்காப்பைத் தொடுமுன் முட்டு முழுதும் அமிழ்ந்துவிடுதல் வேண்டும். 25 மில்லிமீற்றர் அமிழ்வதற்கு ஏறத்தாழ 60 மில்லிமீற்றர் உயரம் தகும். உயரம் மிகுந்தாலோ சமதரையிலும் சுமையேற்றியவுடன் அச்சு முட்டிலேயே தங்கும், வில்லுக்கு வேலையிராது. சுமை தாங்கவில்லையென்று வில்லிற்கு ஒரு தகடு கூட்டுவோரும் உளர். அவ்வண்டி கொழுந்தின்றித் திரும்பும்போது படுத்தும் பாடு அதில் இருப்பவர்க்கே தெரியும்.

இயற்கை இறப்பருக்குப் பகை கனிய எண்ணெய். பற்சக்கரப் பெட்டியிலிருந்து கசியும் எண்ணெய் பட்டால் அது உப்பி மென்மையாகும். காற்றிலுள்ள ஓசோனால் மேற்பரப்பு வெடிக்கும். வெடிப்புக் கண்டால் இரு பக்க முட்டுகளையும் ஒருங்கே மாற்றுதல் நன்று. ஒன்று புதியதாய் மற்றது பழையதாய் இருப்பின் வண்டி ஒருபுறம் சாய்ந்தே மோதும். நோயாளரைக் கிடத்தும் பலகை பின்னச்சை ஒட்டியே அமைவதால், மழைக்காலம் தொடங்குமுன் பின்னிரு முட்டுகளையும் முதலிற் பார்த்தல் வேண்டும்.