டிவியைப் படுக்கப் போட்டு ஒரு டிராகன் வேட்டை

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடினதில்லையா? பரவாயில்ல. 1974-ல் அமெரிக்காவில் வெளிவந்த கதை விளையாட்டு அது. நாலஞ்சு பேர் மேசையைச் சுத்தி உட்கார்ந்து, ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ மாறுவாங்க. டன்ஜன் மாஸ்டர் கதையைச் சொல்வார். வெட்டு விழுந்ததா இல்லையான்னு பகடை சொல்லும். சண்டை வந்தா, கட்டம் போட்ட வரைபடத்தில் குட்டிப் பொம்மைகளை நகர்த்தணும். ஒரு கட்டம் ஒரு அங்குலம். கதைக்குள் அது 5 அடி.

அந்தக் காகிதத்துக்குப் பதிலா இப்போ பலர் ஒரு டிவியையே படுக்க வைக்கிறாங்க. பழைய டிவியே போதும். ஆனா கட்டம் அளவு தப்பினா பொம்மை கட்டத்துக்குள் உட்காராது. இங்கேதான் நம்ம பித்தாகரஸ் வர்றார். 43 அங்குலம் என்பது மூலைக்கு மூலை அளவு. 16:9 விகிதத்தில் அகலம் சுமார் 37.5 அங்குலம் வரும். ஃபுல் எச்டி என்றால் 1920 பிக்சலை 37.5-ஆல் வகுங்க: ஒரு கட்டத்துக்கு 51 பிக்சல். அதுக்கு முன்னாடி டிவி செட்டிங்கில் ஓவர்ஸ்கேனை அணைச்சிடுங்க. கடைசியா திரையில் ஸ்கேல் வச்சு அளந்து பாருங்க.

இதில் உண்மையான லாபம் இருட்டுதான். காகிதத்தை விரிச்சா எல்லா அறையும் ஒரே நேரத்தில் தெரிஞ்சுடும். இங்கே மாஸ்டரின் லேப்டாப்பில் முழு வரைபடம்; டிவியில் வீரர்கள் பார்த்த இடம் மட்டும். மீதி கறுப்பு. ஔல்பேர் ரோடியோ போன்ற தளங்களில் பிரவுசரிலேயே இதைச் செய்யலாம்.

பொம்மை எங்கே நிக்குதுன்னு மேசைக்கே தெரிஞ்சா? 2009-10-ல் கார்னகி மெலன் மாணவர்கள் அதையும் செய்து காட்டினாங்க. மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸ் மேசைக்கு அடியில் இருந்த அகச்சிவப்பு கேமராக்கள், பொம்மையின் அடியில் ஒட்டிய குறியைப் படிச்சிடும். நம்ம ஃபோன் மாதிரித் தொடுதிரைக்கு வெறும் பிளாஸ்டிக் தெரியாது. அதனால் சாதா டிவியில் மாஸ்டர்தான் மவுஸால் இருட்டை விலக்கணும். எனக்கு அதுவே பிடிச்சிருக்கு. கதவைத் திறக்கிற நொடியை மனுஷன் தீர்மானிக்கணும், சாஃப்ட்வேர் இல்ல.

வீரர்கள் பேசிட்டிருக்கும் காட்சிகளில் திரையைக் கறுப்பாக்கிடுங்க. இல்லேன்னா எல்லாரும் தலையைக் குனிஞ்சு அனிமேஷன் தண்ணியையே பார்த்துட்டிருப்பாங்க. எதிரில் கதை சொல்பவரின் முகத்தை யாரும் பார்க்க மாட்டாங்க.

டிவியின் முதுகில் காற்றோட்டத் துளைகள் இருக்கும். மெத்தையில் போடாதீங்க, அடியில் கட்டை கொடுத்துத் தூக்கி வைங்க. மேலே அக்ரிலிக் தகடு போட்டா, அதன் எடை விளிம்புக்கு வெளியே தாங்கிகளில் இறங்கணும், பேனலில் இல்ல. உலோகப் பகடைக்குத் தனியா ஒரு தட்டு.